ஓரம் இல்லாத திரை

என் இரண்டு கண்களும் பக்கவாட்டுப் பார்வையை இழந்துகொண்டிருந்த மாதங்களில், நான் ஒரு கம்ப்யூட்டர் மானிட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மூளைக்கு அடியில் ஒரு கட்டி வளர்ந்து, கண்ணுக்குப் போகும் நரம்பை அழுத்தியிருக்கிறது. மாத்திரையிலேயே அது சுருங்கிவிட்டது. பார்வையும் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. ஆகவே யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம். கண் போனதைக்கூட மறந்துவிடுவேன். அது எனக்குத் தெரியவந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் தூக்கிவாரிப் போடுகிறது.

தொண்ணூறுகளின் பின்பாதி. காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, மோட்டார் பம்பு நோட்டீஸ், தேங்காய் எண்ணெய் டின்னுக்கு லேபிள், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் செய்வோம். செருப்பை வாசலில் கழற்றிப்போட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைய வேண்டும். உள்ளே ஏசி ஓடும். அந்த ஏசி எனக்காக ஓடவில்லை, மெஷினுக்காக ஓடியது. ஆனாலும் குளிர் என் மேலும்தானே பட்டது. என் அப்பாவும் அம்மாவும் உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான். அம்மா ஒருமுறை கடைக்கு வந்தபோது அந்தச் சுழல் நாற்காலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே தவிர, எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. கண் போனால் அந்த நாற்காலியும் போய்விடும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நாங்கள் வைத்திருந்த படம் வரையும் மென்பொருளில், திரைக்கு நடுவில் வெள்ளைத் தாள் போல ஒரு பக்கம் தெரியும். இடது ஓரத்தில் பேனா, கத்தரி, பெரிதாக்கும் கண்ணாடி என்று சின்னச் சின்னப் படங்களாகக் கருவிகள் வரிசையாக இருக்கும், டூல்பாக்ஸ் என்போம். வலது ஓரத்தில் மேலிருந்து கீழே கலர் பட்டை. வேலை நடுவில், சாமான் இரண்டு ஓரத்தில். ஒருநாள் காலை, எண்ணெய் டின்னுக்குத் தென்னைமரம் வரைந்துகொண்டிருந்தபோது டூல்பாக்ஸைக் காணவில்லை. எங்கே போய்த் தொலைந்தது என்று இடது பக்கம் திரும்பினேன். இருந்தது. மரத்தைப் பார்த்தேன். மறுபடி இல்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். முதலாளியைக் கூப்பிட்டு, டூல்பாக்ஸ் விட்டு விட்டு மறைகிறது என்றேன். அவர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் பார்க்கும்போது அது அசையாமல் இருந்தது. அவர் வெள்ளை வேட்டி சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர், யாரையும் ஒரு சுடுசொல் சொல்லமாட்டார். நான் பார்க்காதபோதுதான் மறைகிறது என்று நான் விளக்கியதைக் கேட்டு, சிரிக்காமல் தலையாட்டினார். சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுவிடலாம் என்றார்.

கண்ணில் கோளாறு என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். ஏன் தோன்ற வேண்டும்? நடுவில் இருந்த எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள்; ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுப் புத்தகத்தின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படித்தேன். அதுவும் போக, அந்த மென்பொருளுக்கு நிஜமாகவே அந்தச் சீக்கு உண்டு. திரையின் ரெசல்யூஷனை மாற்றினால், மிதக்கும் பெட்டிகள் திரைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும். திருடன் இருக்கும் வீட்டில் எது காணாமல் போனாலும் அவன் மேல்தான் சந்தேகம் வரும்.

சர்வீஸ்காரர் சூலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடச் சில வயது இளையவர், என்னை அக்கா என்பார். தோளில் ஒரு பை, அதில் ஸ்க்ரூடிரைவர்கள். முதல் தடவை வந்தபோது ரெசல்யூஷனைக் குறைத்தார். எல்லாம் ஒரு சுற்றுப் பெருத்தது. டூல்பாக்ஸின் பாதி திரைக்கு வெளியே போனது, இதுதான் காரணம் என்று அவர் அதை இழுத்துவந்து நிறுத்தினார். எனக்கும் திருப்தி. மறுநாளே மரம் வரையும்போது மறுபடி போய்விட்டது.

அடுத்த தடவை மெனு எழுத்தையெல்லாம் பெரிதாக்கினார். அதுவும் போதாது என்றேன். கண்ணுக்கு உறுத்தாமல் எடுப்பாகத் தெரிய ஒரு அமைப்பு இருக்கிறது என்று சொல்லி, திரையின் நிறத்தையே தலைகீழாக மாற்றிவிட்டார். கன்னங்கரேலென்று கறுப்பு, அதில் மஞ்சள் எழுத்து. வெள்ளைத் தாளும் கறுத்துப்போனது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வீட்டார் தங்கள் கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்க்க உள்ளே வந்தார்கள். திரையில் கறுப்புத் தாளில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும். பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. திட்டவில்லை, இருந்தாலும் கை கூப்பியபடியே இரண்டடி பின்னால் போனார். கறுப்பு மெஷினுக்குத்தான், பத்திரிகை மஞ்சள் அட்டையில் மங்களகரமாக வரும் என்று முதலாளி சொல்லிச் சொல்லி அவரைக் காபி குடிக்க வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர்கள் படியிறங்கியதும் நான் பிடித்த பிடியில் சர்வீஸ்காரர் பழைய நிறத்துக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடிப்போனார்.

அதற்கப்புறம்தான் எண்ணெய் லேபிள் கெட்டது. மரம், டின், கம்பெனி பெயர் எல்லாம் அழகாக வந்திருந்தது. ஆனால் லேபிளின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சிவப்புக் கட்டம். அளவுக்காக நான் போட்டுப் பார்த்துவிட்டு அழிக்காமல் விட்டது. அச்சாகி வந்த கட்டைப் பிரித்தபோதுதான் கண்ணில் பட்டது. நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. ஒரு புள்ளி கூடுதலாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. முதலாளி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெஷின் தப்புங்க அம்மணி, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டு, ஓரத்தை வெட்டச் சொல்லி அனுப்பினார். அவர் திட்டியிருந்தால்கூட நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

மறுபடி சர்வீஸ்காரர் வந்தார். இந்த முறை எதையும் கழற்றவில்லை. என்னை நடுவில் இருக்கும் மரத்தையே பார்க்கச் சொன்னார். விரல் தெரிந்ததும் சொல்லுங்கள் என்று எனக்குப் பின்னால் நின்றுகொண்டு ஏதோ செய்தார்; எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கத்திலிருந்து அவர் விரல் திரையின் மேல் ஊர்ந்து வந்தது; வந்ததும் சொன்னேன். வலது பக்கமும் அதேபோல. திரைக் கண்ணாடியில் தூசி இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். மானிட்டரே போய்விட்டது, புதுசு வாங்கினால்தான் சரிப்படும், பெரியதாக வாங்குங்கள் என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் வெற்றி பெற்ற களிப்பில் இருந்தேன்.

புது மானிட்டர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பழையதைவிட அகலம். சர்வீஸ்காரரும் இன்னொருவரும் தூக்கி வைத்தார்கள். முதலாளிக்கு எந்தப் பொருள் கடைக்குள் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சின்னக் கிண்ணத்தோடு வந்து மானிட்டரைச் சுற்றிக் கையை அசைத்துவிட்டுப் பின்னால் நின்றார். பொட்டு ரெண்டும் நேரா இருக்குதுங்களா அம்மணி என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். நிஜமாகவே பொட்டு எதுவும் இல்லை.

"பொட்டே இல்லீங்களே."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் மனதை நோகடித்துவிட்டது போல மன்னிப்புக் கேட்டார். அம்மணி வேதக்காரங்கன்னு ரோசனை இல்லாமப் போயிருச்சுங்க, வேண்டாம்னா வேண்டாமுங்க என்றார். நான் என்ன சொல்கிறார் இவர் என்று விழித்துக்கொண்டிருக்கும்போதே, தோளில் கிடந்த துண்டை எடுத்து மானிட்டரின் இரண்டு மேல் மூலைகளையும் துடைத்தார். வெள்ளைத் துண்டு என் முகத்துக்கு நேரே வந்தது. அதில் இரண்டு இடத்தில் மஞ்சளும் சிவப்பும் தீற்றியிருந்தது.

அந்தச் சிவப்பை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. இல்லாத இடத்திலிருந்து துடைத்து எடுத்த சிவப்பு. முதலாளி ஏதோ பேசிக்கொண்டே வெளியே போனார், பாவம், தன் தப்புக்கு அவர் வருந்திக்கொண்டிருந்தார். நான் நாற்காலியைவிட்டு எழாமல், திரையின் நடுவில் ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டு, என் இடது கையை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினேன். மூலையை எட்டுவதற்கு வெகு முன்பே கை மறைந்துபோனது. விரலை ஆட்டினேன். ஆட்டுவது எனக்குத் தெரிந்தது, ஆடும் விரல் தெரியவில்லை. வலது கையையும் நகர்த்தினேன். அதுவும் போய்விட்டது. ஏசி அறையில் எனக்கு வேர்த்து ஊற்றியது.

சர்வீஸ்காரர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. படிக்கட்டில் மறித்து, அன்றைக்கு விரலை வைத்து எதைச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"டூல்பாக்ஸ் மேல விரலை வெச்சுக்கிட்டு வெகுநேரம் நின்னனுங்க அக்கா. நீங்க எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"எப்படீங்க சொல்றது? மெஷினைக் கொறை சொன்னா மெஷினு கோவிச்சுக்காதுங்க. உங்க கண்ணுல கோளாறுன்னு என் வாயில வந்தா, இந்தச் சேரு உங்களுக்கு நெலைக்குமுங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைப் படியிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். என் கண்ணைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல், என் நாற்காலியைக் காப்பாற்ற ஒரு மானிட்டரையே வாங்க வைத்திருக்கிறார் மனிதர். எங்கள் பக்கத்தில் மட்டும்தான் இப்படி ஒரு கூத்து நடக்கும். எதிராளியின் வீடு எரிந்தாலும், வெயில் கொஞ்சம் சாஸ்தியா இருக்குதுங்க என்பார்கள். இன்றைக்கும் அவரை நான் முழுசாக மன்னிக்கவில்லை. என்னையும் நான் கேட்டுக்கொண்டேன்: அவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா? நம்பியிருக்கமாட்டேன், சரிதான். ஆனாலும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் கணவரோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும் வழியெல்லாம், ஒன்றும் இருக்காது, சொட்டு மருந்து எழுதிக்கொடுப்பார்கள் என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். அங்கே ஒரு பெரிய கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டார்கள். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மின்னியது, அழுத்தினேன். மின்னியது, அழுத்தினேன். ஒன்றுகூடத் தப்பவிடவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. பிறகு வெளிச்சமே வரவில்லை. காத்திருந்தேன். இருட்டுக் கிண்ணத்துக்குள் கருவி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த மெஷினும் ரிப்பேரா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண், மெஷின் நல்லாத்தானுங்க ஓடுது, நீங்க பாருங்க என்றாள். அவள் குரலில் இருந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் வயதானவர். வெளியூர்க்காரர் போல, பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. இரண்டு காகிதங்களை மேசை மேல் வைத்தார். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வட்டம். இரண்டு வட்டத்திலும் வெளிப்பக்கம் பாதி, மை கொட்டியது போலக் கறுப்பு. குதிரைக்குக் கண்பட்டை கட்டினால் எப்படியோ அப்படித்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். தலைக்குள் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏதோ அழுத்துகிறது, சீக்கிரம் பார்த்தால் சரிபண்ணலாம், தள்ளிப்போட்டால் மிச்சமும் போகும் என்றார். நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்த அளவுதான் உலகம் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டு, அதற்கு வெளியே இருப்பதையெல்லாம் இல்லை இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, வீடு எங்கே என்றார். சரவணம்பட்டி என்றேன். எதில் வந்தீர்கள் என்றார். மொபெட்டில் என்றேன். நல்லது, இனி எங்கே போனாலும் இவரே ஓட்டட்டும் என்று கணவரைக் காட்டினார்.

"இவருக்கு ஓட்டத் தெரியாதுங்க. நாந்தான் ஓட்டியாந்தேன்."

டாக்டர் பேனாவை மேசை மேல் வைத்தார். தினமுமா என்றார். தினமும்தான். சத்தி ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், இவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தினமும் நான்தான். பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் உட்கார்ந்து வருகிறான் என்று ஊரில் கேலி செய்தவர்களுக்கெல்லாம் நான் சுடச்சுடப் பதில் கொடுத்திருக்கிறேன். டாக்டருக்குப் புரியவே இல்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எதிலும் மோதாமல் எப்படி என்று கேட்டார். நான் நிதானமாகத்தான் ஓட்டுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் எழுந்து நின்றார். பெரியவர்கள் முன்னால் அவர் உட்கார்ந்து பேசமாட்டார்.

"நான் பின்னால இருக்கறனுங்க. மத்த வண்டி எந்தப் பக்கம் ஒட்டி வருதோ அந்தப் பக்கத்துத் தோளை லேசா அமுக்கிப்போடுவனுங்க. அம்மணி மறுபக்கம் ஒதுங்கிக்கும்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் என் கையைக்கூடத் தொடாத மனிதர் அவர். சில மாதங்களாக மொபெட்டில் போகும்போது மட்டும் என் தோளில் அவர் கை வரும், அழுத்தும், போகும். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இவருக்கு இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். கூச்சத்தில் மறுபக்கம் நெளிவேன். வண்டியும் என்னோடு நெளியும். அதை நான் பிரியம் என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கண் தெரியவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கண் என்று தெரியாதாம். எனக்குச் சரியாக ஓட்ட வரவில்லை என்று நினைத்தாராம். ஆசையாக ஓட்டுகிறேன், சொன்னால் மனசு சங்கடப்படுவேன் என்று, சொல்லாமலே தோளை அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. இத்தனை நாள் என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்ட நிம்மதி.

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க எங்க இறங்கிக்குவீங்க?"

"கணபதியிலங்க. எங்க கம்பெனி அங்கதானுங்க."

"இவங்க வேலைக்குப் போறது?"

"காந்திபுரமுங்க," என்றார்.

சொல்லி முடித்துவிட்டு அப்படியே நின்றார். கணபதியிலிருந்து காந்திபுரம் வரைக்கும் உள்ள அந்த ரோடு அவருக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. எனக்குள்ளும் ஓடியது. பாலம், சிக்னல், பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் பஸ்கள், அத்தனைக்கும் நடுவில் தோளில் கை இல்லாமல் நான். அவர் முகத்திலிருந்த நிம்மதி போய்விட்டது. பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று கையால் துழாவிப் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தார்.